டாக்டர் கந்தகத்துக்குக் கண்ணீர் அஞ்சலி

காலை பதினொன்று நாற்பது. இதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. எடை மேடையில் நான் தரும் ஒவ்வொரு சீட்டிலும் மணி அச்சாகிவிடும். அன்றைய சீட்டின் நகல் இன்னும் என் கைப்பையில் கிடக்கிறது.

திருவொற்றியூரில் ஒரு சரக்குப் பெட்டக முற்றத்தில் எனக்கு என்ன வேலை என்பதைச் சென்ற வாரப் பத்தியிலேயே சொல்லிவிட்டேன். லாரி மேடையில் ஏறி நிற்கும். நான் எடையைப் பதிந்து சீட்டு நீட்டுவேன். எனக்கும் ஓட்டுநர்களுக்கும் நடுவில் ஒரு கண்ணாடிச் சன்னல், அதன் அடியில் கை நுழையும் அளவுக்கு ஒரு திறப்பு. பல ஓட்டுநர்களை முகத்தைவிடக் கையை வைத்தே எனக்கு அடையாளம் தெரியும்.

அன்று நுழைந்த கை முனுசாமியுடையது. மணிக்கட்டில் சிவப்புக் கயிறு, கட்டைவிரல் நகத்தில் கிரீஸ். சீட்டை வாங்கிய கை வெளியே போகவில்லை.

"இன்னாக்கா, நீ வேலைக்கு வந்துக்கீற?"

"ஏண்ணே, எனக்கு லீவு விட்டுட்டாங்களா?"

"வூட்டுக்குப் போக்கா."

"பின்னாடி நாலு வண்டி நிக்குது. விளையாடாதீங்க."

"வண்டிங்க கெடக்கட்டும்க்கா. நீ கெளம்பு."

கை போய், முகம் குனிந்து சன்னலுக்கு வந்தது. எப்போதும் ஏதாவது கிண்டல் பேசும் ஆள். அன்று அவருடைய வாய் கோணிக்கொண்டிருந்தது. தன் கைபேசியைத் திறப்பின் வழியாக உள்ளே தள்ளினார்.

ஒரு சுவரின் படம். சுவரில் ஒரு போஸ்டர். பின்னணியில் மறையும் சூரியன், பறந்து போகும் பறவைகள், மூலையில் ஒரு குத்துவிளக்கு. நடுவில் முட்டை வடிவக் கட்டத்துக்குள் என் மகன் நவீன் சிரித்துக்கொண்டிருந்தான். மஞ்சள் கோட்டு போட்டிருந்தான். முகமூடியை நெற்றிக்கு மேலே தூக்கி விட்டிருந்தான்.

மேலே ‘கண்ணீர் அஞ்சலி’. கீழே, எல்லாவற்றையும்விடப் பெரிய எழுத்தில், ‘டாக்டர் கந்தகம்’. அதற்கும் கீழே இரண்டு வரி: ‘உன் சிரிப்பை இனி எங்கே கேட்போம்? மீளாத் துயரில் நண்பர்கள்.’

அந்த மஞ்சள் கோட்டைத் தைத்தது நான்.

யார் இந்த டாக்டர்?

டாக்டர் கந்தகம் யார் என்று கேட்பவர்களுக்காகக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

நான் பள்ளிக்கூடம் படித்த காலத்தில் ராயபுரத்தில் இருந்தோம். தெருவுக்குத் தண்ணீர் லாரி வரும். வரும் நேரம் யாருக்கும் தெரியாது. குடங்களை வரிசையில் வைத்துவிட்டுக் காவல் இருப்பது என் பொறுப்பு. கவிழ்த்துப் போட்ட குடத்தின் மேல் உட்கார்ந்து, பழைய பேப்பர் கடையில் எடைக்கு வந்த சித்திரக்கதைப் புத்தகங்களைப் படிப்பேன். சாணிக் காகிதம், கறுப்பு மை, கையில் ஒட்டும். பாதிப் புத்தகங்களுக்கு அட்டை இருக்காது. ஆனால் எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் நீளக் கோட்டு போட்ட ஒரு மெலிந்த உருவம் நின்றுகொண்டிருக்கும்.

அந்தக் கதைகளின் நாயகன் பெயர் எனக்கு மறந்தே போய்விட்டது. நல்ல உயரம், வாரிவிட்ட முடி, அப்பா வாங்கிக் கொடுத்த சொந்த விமானம். அவனைப் பற்றி வேறென்ன நினைவு வைத்துக்கொள்வது?

டாக்டர் கந்தகம் அப்படியல்ல. சொந்த உழைப்பில் முன்னுக்கு வந்த வில்லன். ஒரு ரசாயன ஆலையில் ஆராய்ச்சியாளராக இருந்தவர். தொட்டியில் விரிசல் விட்டிருக்கிறது என்று முதலாளிக்கு மூன்று கடிதம் எழுதினார். மூன்றும் குப்பைக்கூடைக்குப் போயின. தொட்டி வெடித்தது. இடது கை வெந்துபோனது. அந்தக் கைக்கு ஓர் உறையை மாட்டிக்கொண்டு, கலங்கரை விளக்கத்துக்கு அடியில் ஆய்வுக்கூடம் கட்டி, நகரத்தையே பழிவாங்கக் கிளம்பினார்.

காற்று திரும்பினால் ஆலைகளிலிருந்து தீக்குச்சி உரசிய நெடி வீட்டுக்குள் வரும் பகுதி எங்களுடையது. இங்கே உட்கார்ந்து அந்தக் கதையைப் படித்தவர்கள் முதல் பத்துப் பக்கத்துக்கு அவர் கட்சியில்தான் இருந்திருப்பார்கள்.

நல்லவர் என்று நான் சொல்லவில்லை. ஒரு புத்தகத்தில் ஊர் மொத்தத்தையும் மஞ்சள் புகையில் மயங்க வைத்தார், கைக்குழந்தைகள் உட்பட. இன்னொன்றில், தன்னை நம்பி வந்த உதவியாளரையே அமிலத் தொட்டியில் தள்ளினார். அதையெல்லாம் நான் மன்னித்ததில்லை. ஆனால் அவரிடம் ஓர் ஒழுங்கு இருந்தது. சொல்லாமல் அடிக்க மாட்டார். ‘வெள்ளிக்கிழமை மாலை ஆறு மணிக்குத் துறைமுகக் கடிகாரம் உருகும்’ என்று முதல் நாளே அறிவித்துவிடுவார். வெள்ளிக்கிழமை மாலை ஆறு மணிக்குக் கடிகாரம் உருகும். தண்ணீர் லாரிக்காகக் காத்துக்கிடந்த எனக்கு, சொன்ன நேரத்துக்குக் காரியம் செய்யும் ஒருவரைப் பார்த்ததே பெரிய ஆச்சரியம்.

ஒவ்வொரு புத்தகத்தின் முடிவிலும் அவர் செத்துப்போவார். கடலில் விழுவார், எரிமலையில் விழுவார், ரயிலுக்கு அடியில் போவார். கடைசிக் கட்டத்தில் அந்த இடது கை உறை மட்டும் எங்கேயாவது கிடக்கும். உறை கிடந்தால் ஆள் திரும்பி வருவார் என்று எங்களுக்குத் தெரியும்.

கோட்டு

என் கணவர் துறைமுகத்தில் கிரேன் ஓட்டினார். நவீனுக்கு ஒன்பது வயதாக இருந்தபோது, வேலை முடிந்து வந்து, நெஞ்சு வலிக்கிறது என்று படுத்தவர் எழுந்திருக்கவில்லை.

அதற்குப் பிறகு பையன் பேச்சைக் குறைத்துவிட்டான். கேட்டால் பதில் சொல்வான், தானாக வாய் திறக்க மாட்டான். டீச்சர் கூப்பிட்டுச் சொன்னார், டாக்டரைப் பார்த்தோம், கோயிலுக்கும் போனோம். ஒரு ஞாயிற்றுக்கிழமை பரணிலிருந்த பெட்டியை இறக்கி, என் பழைய சித்திரக்கதைகளை எடுத்து, குரல் மாற்றி மாற்றிப் படித்துக் காட்டினேன். நாயகன் பேசும்போது கொட்டாவி விட்டான். டாக்டர் கந்தகத்தின் சிரிப்பைச் சிரித்துக் காட்டியதும் நிமிர்ந்து உட்கார்ந்தான். "இன்னொரு வாட்டிம்மா" என்றான். மூன்று மாதத்தில் அவனாகக் கேட்ட முதல் விஷயம் அது.

அந்தப் பொங்கலுக்குத் தெருவில் மாறுவேடப் போட்டி வைத்தார்கள். ஒரு பழைய மழைக்கோட்டை வெட்டி அவனுக்குக் கோட்டு தைத்தேன். அவன் வளர வளர ஓரம் பிரித்து, துணி ஒட்டுப் போட்டு, பிறகு புதிதாகவே தைத்து, இருபத்திரண்டு வயது வரைக்கும் அந்தக் கோட்டு வளர்ந்துகொண்டே வந்தது. போட்டியெல்லாம் எப்போதோ முடிந்துபோயிற்று. தெருக் குழந்தைகள் துரத்தட்டும் என்பதற்காகவே ஒவ்வொரு பொங்கலுக்கும் அதைப் போட்டுக்கொண்டு ஓடுவான். போஸ்டரில் இருந்தது போன பொங்கலுக்கு எடுத்த படம்.

ஈரப் பசை

சன்னலுக்குத் திரும்புகிறேன்.

முதலில் அவன் எண்ணுக்கு அடித்தேன். அணைந்திருந்தது. அது ஒரு சேதியே இல்லை. வள்ளூர் அனல்மின் நிலையத்தில் கொதிகலன் பராமரிப்பு எடுத்திருக்கும் ஒப்பந்தக்காரரிடம் அவனுக்கு வேலை. சாரத்தில் ஏறுகிறவர்கள் பாதுகாப்புக் கச்சை மாட்டியிருக்கிறார்களா என்று பார்ப்பவன். உள்ளே கைபேசிக்கு அனுமதி கிடையாது. காலையில் வாசலில் கொடுத்தால் சாப்பாட்டு நேரத்தில்தான் கைக்கு வரும்.

மேற்பார்வையாளரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு ஆட்டோ பிடித்தேன். முனுசாமி ஓடி வந்து, "அக்கா, உள்ள வண்டி ஓட்ற நம்ம தோஸ்து ஒருத்தன் கீறான். நான் விசாரிக்கிறேன், நீ தைரியமா போ" என்றார். நான் தைரியமாகத்தான் இருந்தேன். கால்தான் ஆட்டோவில் ஏறுவதற்குள் இரண்டு முறை வழுக்கியது.

வெளியூர் வாசகர்களுக்கு ஒரு விஷயம் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்தில் சாவு போஸ்டர் என்றால் பட்டப்பெயர்தான் பெரிதாக இருக்கும். பெற்றவர்கள் வைத்த பெயர் அடைப்புக்குறிக்குள் போகும், சில சமயம் அதுவும் இருக்காது. என் கணவருடைய போஸ்டரில் ‘கிரேன்’ என்பது ஒரு சாண் எழுத்து. சேகர் என்பதை நான்தான் தேடிக் கண்டுபிடித்தேன். பீட்சா, டபுள் டக்கர், கோழி என்றெல்லாம் பெயர் போட்ட போஸ்டர்களுக்கு முன்னால் நின்று ஜனங்கள் கண் துடைத்திருக்கிறார்கள். அதனால் ‘டாக்டர் கந்தகம்’ என்று படித்த யாருக்கும் அது விசித்திரமாகப் படவில்லை. நம்ம நவீன் முகம், ஏதோ பட்டப்பெயர், அவ்வளவுதான்.

வழியில் மூன்று இடத்தில் அவன் சிரித்தான். நான்காவது இடத்தில் ஆட்டோவை நிறுத்தி இறங்கினேன்.

நான் எதையும் எடை போட்டுப் பார்க்கிறவள். லாரியில் எவ்வளவு சரக்கு இருக்கிறது என்று ஓட்டுநர் சொல்வதை நம்ப மாட்டேன். நிறைவண்டி எடையிலிருந்து வெறும்வண்டி எடையைக் கழிப்பேன். அப்படித்தான் அந்தப் போஸ்டரையும் பார்த்தேன். விரலை வைத்தேன். ஓரத்தில் பசை காய்ந்திருந்தது, நடுவில் ஈரம். அந்த வெயிலுக்கு, ஒட்டி இரண்டு மணி நேரம் ஆகியிருக்கலாம். அச்சடிக்க ஒரு மணி நேரமாவது வேண்டும். ஆக, எட்டரைக்கெல்லாம் யாரோ அச்சகத்தில் நின்றிருக்க வேண்டும். அவன் வீட்டைவிட்டுக் கிளம்பியது ஏழு மணிக்கு. ஏழிலிருந்து எட்டரைக்குள் ஒருவன் செத்து, சேதி வந்து, நண்பர்கள் அழுது முடித்து, படம் தேடி எடுத்து அச்சகத்துக்கும் போயிருக்க முடியுமா? அதுவும் பெற்றவளுக்குச் சொல்லாமல்? இறுதி ஊர்வலம் எத்தனை மணிக்கு என்ற வரியையும் காணோம். அந்த வரி இல்லாத போஸ்டரை இந்தச் சாலையில் நான் பார்த்ததே இல்லை.

கணக்கு இடித்தது. என் பிள்ளைக்கு ஒன்றும் ஆகவில்லை என்று அந்தச் சுவரின் முன்னால் நின்று முடிவு செய்தேன். வாய்விட்டே சொன்னேன். ஆட்டோக்காரர் திரும்பிப் பார்த்தார்.

பிறகு ஆட்டோவில் உட்கார்ந்ததும் அந்தக் கணக்கில் ஓர் ஓட்டை தெரிந்தது. பெற்றவளுக்குச் சொல்லாமல் விடுவது எங்கள் பக்கத்தில் நடக்காத காரியமில்லை. என் கணவர் போனபோதுகூட மாமியாரிடம் சாயங்காலம் வரை யாரும் வாய் திறக்கவில்லை.

ஏகாம்பரத்தின் சாமியானா

எர்ணாவூரில் எங்கள் குடியிருப்புக்குள் ஆட்டோ திரும்பியபோது மணி பன்னிரண்டரை. வீட்டு வாசலில் சாமியானா கட்டியிருந்தார்கள். நாலு கம்பமும் நட்டு, மேலே துணி போட்டு, பிளாஸ்டிக் நாற்காலிகள் பாதி விரித்து, பாதி அடுக்கியபடி. வாசலுக்கு நேராக ஒரு டெம்போ. அதிலிருந்து ஐஸ் பெட்டியை இறக்கிக் கீழே வைத்திருந்தார்கள். காலி. கண்ணாடி மூடியில் மேலே கட்டிய துணியின் சிவப்பும் வெள்ளையும் தெரிந்தன.

என் நாத்தனார் கஸ்தூரி தரையில் உட்கார்ந்து மார்பில் அடித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து வந்து கழுத்தைக் கட்டிக்கொண்டார்.

"அடியே சுமதி, எங்கடி போய்ட்ட? உன் புள்ள உன்ன வுட்டுப் போய்ட்டானேடி!"

"யார் சொன்னாங்க அண்ணி?"

"போஸ்டரே ஒட்டிட்டாங்க, யாரு சொல்லணும்?"

"அவன் உடம்ப நீங்க பாத்தீங்களா?"

"இன்னாடி கேள்வி இது, கல்லு மாதிரி நின்னுகினு!"

அவரை உட்கார வைத்துவிட்டுச் சாமியானாக்காரரைத் தேடினேன். ஏகாம்பரம் ஏணியில் நின்று கடைசி முடிச்சைப் போட்டுக்கொண்டிருந்தார்.

"யார் கேட்டு இதக் கட்னீங்க?"

"யாரும் கேக்கலக்கா. போஸ்டர பாத்தேன். நம்ம ஏரியா, நம்ம புள்ள. இந்த வெயில்ல ஜனங்க எங்க நிக்கும்? நான் வரலன்னா அந்த டோல்கேட் ஆளு வந்து கட்டிட்டுப் போய்டுவான். அவன் துணில எத்தினி ஓட்ட கீதுன்னு உனுக்குத் தெரியாது."

"ஐஸ் பெட்டி?"

"அது என் மச்சான்து."

"கழட்டுங்க. எல்லாத்தையும் கழட்டுங்க. என் பையன் நல்லா இருக்கான்."

ஏகாம்பரம் ஏணியிலிருந்து இறங்கினார். என்னை இரக்கத்தோடு பார்த்தார். சாவு வீட்டில் தாய் இப்படிப் பேசுவதை நிறையக் கேட்டவர்.

"அக்கா, கட்ன சாமியானாவ சும்மா அவுக்கக் கூடாது. அவுத்தா வேற எத்தையாவது கேக்கும். ஆவாதுக்கா. கொஞ்ச நேரம் கெடக்கட்டும்."

பட்டப்படிப்புப் படித்தவள் நான். இதையெல்லாம் நம்புகிறவள் இல்லை. நாலு பேருக்கு முன்னால் எத்தனையோ முறை கேலி செய்திருக்கிறேன். ஆனால் அந்த நிமிடத்தில் ‘வேற எத்தையாவது கேக்கும்’ என்ற வார்த்தையைத் தாண்டி என்னால் போக முடியவில்லை. சரி, கிடக்கட்டும் என்று விட்டுவிட்டேன். அன்று முழுவதும் நான் செய்த ஒரே முட்டாள்தனம் அதுதான்.

இருபத்தைந்துக்குக் குறையாது

டில்லியை இரண்டு பையன்கள் ஆளுக்கொரு கையைப் பிடித்து இழுத்து வந்தார்கள். நவீனோடு ஒன்றாம் வகுப்பிலிருந்து படித்தவன், எங்கள் வீட்டில் பாதி நாள் சாப்பிட்டவன். வீடுவீடாகச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கும் வேலை. முதுகில் அந்தப் பெட்டியோடு வந்து நின்றான். அழுதிருந்தான்.

"ம்மா, அடிக்காதம்மா. சொல்றேன்."

"அவன் எங்கடா?"

"வேலைலதாம்மா கீறான். சத்தியமா. அவனுக்கு இன்னா? செத்தது அவன் இல்லம்மா, டாக்டரு."

"எந்த டாக்டர்?"

"கந்தகம்மா. நெசமான கந்தகம். பொஸ்தகத்துல."

அழுதுகொண்டிருந்தவர்கள் தலையைத் தூக்கிப் பார்த்தார்கள். கஸ்தூரி அண்ணி மட்டும் ஒரு விசும்பலை முடித்துக்கொண்டார்.

விஷயம் இதுதான். அந்தப் பழைய சித்திரக்கதையை விரும்பும் சிலர் சேர்ந்து, அந்தக் காலத்தில் அச்சேறாமலே போன கடைசிக் கதையைத் தேடிப் பிடித்துப் புத்தகமாகப் போட்டிருக்கிறார்கள். டில்லியும் நவீனும் ஆடும் கேரம் கிளப் பையன்கள் சேர்ந்து ஒரு பிரதி வரவழைத்தார்கள். நவீனுக்கு முன்பே இவர்கள் படித்துவிட்டார்கள். கதையின் முடிவில் டாக்டர் கந்தகம் கடலில் விழுகிறார். அடுத்த கட்டத்தில் வெறும் கடல். கை உறையைக் காணோம்.

"கையுறை இல்லம்மா. நாலு தபா பாத்தோம். மெய்யாலுமே பூட்டாரு. எங்களுக்கே ஒரு மாதிரி ஆயிடுச்சு. சரி, அந்த ஆளுக்கு ஒரு மரியாத பண்லாம்னு ஒரு போஸ்டர் போட்டோம். அவரு மூஞ்சி கறுப்பு வெள்ளைல சரியா வுழல. நவீன் கோட்டு போட்ட படந்தான் பளிச்சுனு இருந்துச்சு. சாயங்காலம் ஆட வரும்போது பாத்துட்டு சிரிப்பான்னு..."

"ஒரு போஸ்டரா? ரோடு பூரா இருக்கேடா!"

"ஒண்ணுதாம்மா கேட்டோம். இருவத்தஞ்சுக்குக் கொறஞ்சு போட மாட்டேன்னுட்டாரு பிரஸ்காரரு. நேத்து சாயங்காலம் ஒண்ண எடுத்துக்கினு, மீதிய நாளைக்கு வாங்கிக்கிறோம்னு அங்கியே வுட்டுட்டோம். காத்தால போஸ்டர் ஒட்ற அண்ணன் வந்துக்கீறாரு. சாவு போஸ்டர்னா அவுரு யாரையும் கேக்க மாட்டாரு. பசை கலக்கி மொத வேலையா அத்தான் ஒட்டுவாரு. பொணம் காத்துக்கினு இருக்கக் கூடாதாம்."

ஒரு மனிதர் தன் வேலையை ஒழுங்காகச் செய்திருக்கிறார். அவ்வளவுதான் நடந்தது. என் கணக்கில் அச்சகத்துக்கு எட்டரை மணி என்று போட்டது மட்டும் தப்பு.

டில்லியை அடித்தேனா என்று இப்போது பலரும் கேட்கிறார்கள். அடித்தேன். பிறகு அவன் தலையை என் வயிற்றோடு அணைத்துக்கொண்டு நின்றேன். முதுகுப் பெட்டிக்குள்ளிருந்து யாருடைய பிரியாணியோ மணத்தது. அதைக் கேட்டு அவனுக்கு ஓயாமல் போன் வந்துகொண்டிருந்தது.

இருந்தும் எனக்கு முழு நம்பிக்கை வரவில்லை. ஆளைப் பார்க்காமல் வராது.

சொல்லாத சேதி

ஒன்று ஐந்துக்கு முனுசாமி அழைத்தார். கத்தினார்.

"அக்கா! புள்ள உசுரோட கீறான்க்கா! நம்ம தோஸ்து நேர்ல பாத்துட்டான். தோள்ல கைய வச்சுப் பேசிட்டான்!"

நான் ஏகாம்பரத்தின் நாற்காலி ஒன்றில் உட்கார்ந்தேன். என்னைச் சுற்றிப் பெண்கள் கைதட்டினார்கள். யாரோ தண்ணீர் கொடுத்தார்கள். கைபேசியில் முனுசாமி இன்னும் பேசிக்கொண்டிருந்தார்.

"அவனே பைக்ல இட்டுக்கினு வரான்க்கா. கெளம்பி இருவது நிமிசம் ஆச்சு. எனுக்கு இப்பத்தான் லைன் கெடச்சுது."

"எதுக்குண்ணே கிளப்பினீங்க? அவன்கிட்ட என்ன சொன்னாங்க?"

"ஒண்ணும் சொல்லலக்கா. நமக்குத் தெரியாதா? வூட்டாண்ட சாமியானா போட்டுக்கீறாங்க, ஒடனே கெளம்புன்னு மட்டும் சொல்லச் சொன்னேன். மத்தத வந்து பாத்துக்கட்டும். சாவு சேதிய யாருனா மூஞ்சிக்கு நேரா சொல்லுவாங்களா?"

"யார் சாவுண்ணே?"



முனுசாமியும் அவருடைய நண்பரும் கெட்டவர்கள் இல்லை. அவர்கள் ஒரு கணக்குப் போட்டிருக்கிறார்கள். அந்த வீட்டு வாசலில் சாமியானா, உள்ளே சாவு என்று ஊர் சொல்கிறது. பையனோ எதிரில் உயிரோடு நிற்கிறான். அப்படியானால் மிச்சம் யார்? நான் வேலையிலிருந்து கிளம்பியபோது இருந்த நிலையைப் பார்த்த முனுசாமிக்கு, வழியில் எனக்கே ஏதாவது ஆகியிருக்கும் என்று தோன்றியிருக்கிறது; நான் போனை எடுத்த சந்தோஷத்தில் அதை மறந்தே போய்விட்டார். வீட்டுக்கு வந்துகூட விசாரிக்காமல், வந்த சேதியை மரியாதையோடு மறைத்து அனுப்பிவிட்டார்கள்.

எங்கள் வீட்டில் இருப்பது இரண்டே பேர். கணக்குப் போட அவனுக்கு அரை நொடி போதும்.

நவீனுக்கு அடித்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. மறுபடி அடித்தேன். அந்தச் சாலையில், லாரிகளுக்கு நடுவில், பைக்கின் பின்னால் உட்கார்ந்து, ஒன்பது வயதில் அப்பாவைப் பறிகொடுத்த பையன் என்ன நினைத்துக்கொண்டு வருவான் என்று எனக்குத் தெரியும்.

எழுந்தேன். "ஏகாம்பரம், இப்ப அவுக்கிறீங்களா, நான் அவுக்கட்டுமா?" என்றேன். அவர் ஏணியைத் தூக்கினார். பெண்கள் நாற்காலிகளை மடக்கினார்கள். கஸ்தூரி அண்ணி அதற்குள் வந்து சேர்ந்திருந்த மாலைகளை அள்ளிக்கொண்டு உள்ளே ஓடினார். டில்லி ஒரு முனையிலும் ஏகாம்பரத்தின் மச்சான் மறு முனையிலுமாக ஐஸ் பெட்டியைத் தூக்கினார்கள். கனம். நான் முந்தானையைத் தலையில் சுற்றிக்கொண்டு பக்கவாட்டில் கை கொடுத்தேன்.

வாசலிலிருந்து டெம்போவுக்குப் பத்தடி தூரம். பாதி தூரம் போயிருப்போம்.

ஒன்றரை மணி

பைக் நிற்பதற்குள் ஓர் உருவம் குதித்தது. கால் மடங்கி விழுந்து, எழுந்து ஓடி வந்தது. நீல நிறச் சட்டை, இடுப்பில் கச்சை அவிழ்க்காமல், அதன் கொக்கிகள் தொடையில் அடித்துக்கொண்டு. முகம் முழுக்க நிலக்கரிப் புழுதி, அதில் இரண்டு ஈரக் கோடு.

"நவீனு!" என்று டில்லி கத்தினான். அவனுக்குக் காதில் விழவில்லை. யார் முகத்தையும் அவன் பார்க்கவில்லை. அவன் பார்த்தது அந்தப் பெட்டி ஒன்றைத்தான்.

நாங்கள் அதை வெளியே கொண்டுபோகிறோம் என்று அவனுக்கு எப்படித் தெரியும்? உள்ளே கொண்டுவருகிறோம் என்று நினைத்துக்கொண்டான். நேராக என் எதிர்ப்பக்கம் வந்தான். தலையைக் குனிந்து, பெட்டியின் அடியில் தோளைக் கொடுத்தான். வீட்டைப் பார்த்துத் தள்ள ஆரம்பித்தான். அவனுடைய பலத்துக்கு நாங்கள் மூன்று பேரும் இரண்டடி பின்னால் போனோம்.

கண்ணாடி மூடிக்கு அந்தப் பக்கம் அவன் தலை. இந்தப் பக்கம் நான். கூப்பிட வாய் திறந்தேன், சத்தம் வரவில்லை. இத்தனை வருடமாக எந்த லாரி ஓட்டுநரையும் ஒரே அதட்டலில் நிறுத்தியவள் நான்.

அவன் நிமிரவே இல்லை. எதிரில் கை கொடுப்பது அக்கம்பக்கத்து அக்கா யாரோ என்று நினைத்திருப்பான். மூச்சு வாங்கிக்கொண்டு, மிகவும் பணிவாக, என்னைக் கேட்டான்:

"எங்கம்மாவ எத்தினி மணிக்குக்கா எடுத்தாருவாங்க?"